டிஸ்க் வலிக்கு எது: பாயா, வி.ஆர். ஹெட்செட்டா?

“டிஸ்க் விலகியிருக்கு, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பிசியோவுக்குப் போங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள் முன்னால் இப்போது இன்னொரு வழியும் வந்து நிற்கிறது. கணினி உருவாக்கும் உலகத்தைக் கண்முன் காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு செய்யும் பயிற்சி. பாயில் படுத்துச் செய்வதா, இதுவா, எது மேல் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வலி இப்போது இடுப்பில் இருக்கிறதா, காலில் இருக்கிறதா? பதில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

கீழ் முதுகில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்குவது பெரும்பாலும் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற கடைசி இரண்டு இடங்களில். பிதுங்கியது நரம்பைத் தொட்டால் புட்டத்திலிருந்து பாதம் வரை சுளீர் என்று இழுக்கும், சில இடம் மரத்துப்போகும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆபரேஷன் இல்லாமலே இது அடங்கிவிடுகிறது. பிதுங்கிய பகுதி தானாகவே சுருங்குவதும் உண்டு. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் பார்த்து மிரள வேண்டியதும் இல்லை. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைத்திருந்தது. ஆனாலும் ரிப்போர்ட்டைப் படித்த நாளிலிருந்து குனியவே பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். இந்தப் பயம் வி.ஆர். கதைக்கு முக்கியம்.

முதலில் பாய். நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கன்சி பெயரில் இன்றும் உலகம் முழுக்க ஒரு முறை நடக்கிறது. 1956-இல் அவரிடம் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு நன்றாகப் பின்னால் வளைந்திருக்க, சில நிமிஷம் கழித்து வந்து பார்த்தால், கால்வலி போய்விட்டது என்கிறார். அந்தத் தற்செயலில் பிறந்த பயிற்சி இன்று எப்படி நடக்கிறது? குப்புறப் படுத்து, தோளுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றி, மேல் உடம்பை மட்டும் தூக்க வேண்டும். இடுப்பு பாயிலேயே தளர்ந்து கிடக்க வேண்டும். பத்து முறை செய்ததும் பிசியோ கேட்பார்: “இப்ப எங்கே வலிக்குது?” கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு, தொடையிலிருந்து புட்டத்துக்கு, அங்கிருந்து நடு இடுப்புக்கு ஏறினால் நல்லது. இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கீழே பாதம் நோக்கி இறங்கினால் உடனே நிறுத்தி, வேறு திசை பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பின்னால் வளைவது ஒத்துவராது.

இதற்கு ஒரு பாய் போதும். கூடவே, பதிலைக் கேட்டு அடுத்த அசைவை மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சிக்கல். நம் ஊரில் பல இடங்களில் பிசியோ என்றால் கரண்ட் வைப்பது, ட்ராக்‌ஷனில் இழுப்பது, பெல்ட் கட்டி அனுப்புவது என்றுதான் இருக்கிறது. நாள்பட்ட முதுகுவலிக்கு ட்ராக்‌ஷனும் பெல்ட்டும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர் வழிகாட்டுதலில் சொல்லியாயிற்று. ஹெட்செட்டை அந்த மாதிரி பிசியோவோடு ஒப்பிட்டால் ஹெட்செட் சுலபமாக ஜெயித்துவிடும். அது நியாயமான போட்டி அல்ல.

பாயின் இன்னொரு பலவீனம், சலிப்பு. வலி குறைந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிடுகிறோம்.

சரி, வி.ஆர். இதில் இரண்டு வேறு வேறு சமாச்சாரங்கள் ஒரே பெயரில் ஓடுகின்றன. ஒன்றில் உடம்பு அசையவே அசையாது. அமெரிக்காவின் அப்ளைடுவிஆர் நிறுவனத்தின் ரிலீவ்ஆர்எக்ஸ் அந்த ரகம். நாள்பட்ட கீழ் முதுகுவலிக்காக 2021 நவம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. டாக்டர் சீட்டோடு வீட்டுக்கு வரும். எட்டு வாரம், 56 அமர்வுகள், ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிஷம். மூச்சு விடப் பழக்குவது, வலி வரும்போது மனம் எங்கே ஓடுகிறது என்று கவனிக்க வைப்பது, இப்படிப் போகும். 179 பேரை வைத்து நடந்த சோதனையில், வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 66 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே மாதிரி ஹெட்செட்டில் சாதாரண இருபரிமாணப் படம் மட்டும் பார்த்தவர்களில் 41 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். வெறும் படத்துக்கே இத்தனை பேர் தேறியதை விளம்பரங்களில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை.

நமக்கு முக்கியமானது வேறு. அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் காலுக்கு இறங்கும் நரம்பு வலி இல்லாதவர்கள். டிஸ்க் நரம்பை அழுத்திக் கால் இழுக்கிற ஆளுக்கு அந்த 66 சதவீதம் பொருந்தும் என்று யாரும் காட்டவில்லை.

இரண்டாவது ரகம் உடம்பை அசைக்க வைப்பது. ஒஹாயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாமஸ் குழு 2016-இல் வெளியிட்ட பந்து விளையாட்டு இதற்கு நல்ல உதாரணம். குனியப் பயப்படும் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 52 பேர். எதிரில் இருந்து வரும் பந்தைத் தடுக்க வேண்டும். ஆளின் உயரத்தையும் கை நீளத்தையும் கணக்கிட்டு, இன்ன அளவு குனிந்தால்தான் தடுக்கலாம் என்று பந்தின் உயரத்தை வைத்தார்கள். “குனியுங்கள்” என்றால் குனியாதவர்கள் பந்து வந்ததும் குனிந்தார்கள். பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை. ஆனால் வலியும் குறைந்துவிடவில்லை. எனக்கு இந்த ஆய்வைப் பிடிக்கும். ஹெட்செட் வியாபாரிகள் சொல்வதைவிட நேர்மையாக இருக்கிறது. பயத்தால் விறைத்துப்போன முதுகை விளையாடும் நேரத்திலாவது வளைய வைக்கலாம், அவ்வளவுதான்.

கால்வலி கடுமையாக இருக்கும் முதல் வாரங்களில் இதே விளையாட்டு தவறான மருந்து. 1999-இல் ஜெர்மனியில் ஒரே ஒருவரின் டிஸ்க்குக்குள் உணர்கருவி வைத்து அழுத்தம் அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், முன்னால் குனிந்தபோது 1.1, முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3. ஒருவரை வைத்துச் சட்டம் போட முடியாதுதான். இருந்தாலும் நரம்பு வீங்கியிருக்கும் நேரத்தில் ஆட்ட வேகத்தில் குனிந்து எழச் சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம், கருவிக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். கடையில் கிடைக்கும் ஹெட்செட் பெரும்பாலும் தலையையும் இரண்டு கைகளையும்தான் பின்தொடர்கிறது. நீங்கள் முட்டியை மடக்கிக் குனிந்தீர்களா, இடுப்பு மூட்டில் மடங்கினீர்களா, கீழ் முதுகை வளைத்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. கை தரைக்குப் போனால் பாயிண்ட் கொடுத்துவிடும். வலி தொடையிலிருந்து பாதத்துக்கு இறங்கியதா என்று கேட்கவும் கேட்காது. மொபைலைச் செருகிப் போடும் மலிவான பெட்டியோ தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும்தான் பார்க்கும். அதைவிட, உடற்பயிற்சி விளையாட்டை டிவி திரையில் பார்த்துச் செய்வது மேல். தரையாவது கண்ணுக்குத் தெரியும்.

குவெஸ்ட் 2 போன்ற ஹெட்செட்டின் எடை அரைக் கிலோ. குனியும்போது அது நெற்றிப்பக்கம் கீழே இழுக்கும், கழுத்து சீக்கிரம் கடுக்கும். சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாதம் மரத்துப்போனவரும் வயதானவரும் கண்ணை மூடிய மாதிரி நின்று விளையாடுவது விழுவதற்கு வழி.

என் கணக்கு இது. காலுக்கு வலி இறங்கிக்கொண்டிருக்கும்வரை பாயும் பிசியோவும் மட்டும்தான். கால்வலி அடங்கி, மாதக்கணக்கில் இடுப்புவலியும் பயமும் மிச்சம் இருப்பவருக்குப் பயிற்சியோடு சேர்த்து வி.ஆர். வைத்துக்கொள்ளலாம், குனியப் பயம் என்றால் அசையும் ரகம், வலியை நினைத்தே தூக்கம் கெடுகிறது என்றால் மூச்சுப் பழக்கும் ரகம். சலிப்புக்காக மட்டும் வேண்டுமென்றால் வாங்கத் தேவையில்லை, பிடித்த பாட்டைப் போட்டுக்கொண்டு தினமும் நடந்தாலே ஆகும். சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போனால், பாதம் தொங்கினால் இந்த ஒப்பீடு எதுவும் செல்லாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வி.ஆர். வைத்திருக்கும் பிசியோ மையத்துக்குப் போனால், ஹெட்செட்டை மாட்டும் முன் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். கால் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, எதிர்த்துத் தூக்கச் சொல்ல வேண்டும். குதிகாலில் நாலு அடி, நுனிக்காலில் நாலு அடி நடக்கச் சொல்ல வேண்டும். எல்5, எஸ்1 நரம்புகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அதைச் செய்யாத இடத்தில் ஹெட்செட்டுக்கென்று தனிக் கட்டணம் கட்ட வேண்டாம்.