கிரிமெட்டன் ரேடியோ நிலையம்: மோட்டார் கட்டுகிறவன் பார்வையில்

ஸ்வீடனின் மேற்குக் கரையில், வார்பெர்க் ஊருக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது கிரிமெட்டன். அமெரிக்காவுக்கு ரேடியோ வழியே மோர்ஸ் தந்தி அனுப்பக் கட்டிய நிலையம். 2004-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோட்டை, அரண்மனை என்று எதையாவது மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். இங்கே இருப்பது ஒரு மெஷின் ஹால், அதற்கு வெளியே வரிசையாக ஆறு இரும்புக் கோபுரங்கள், அவ்வளவுதான். நான் மோட்டார் ரீவைண்டிங்கில், அதாவது பழுதான மோட்டாருக்குக் கம்பியை மறுபடி சுற்றும் வேலையில், காலம் தள்ளியவன். அதனால் இந்த விமர்சனம் மெஷின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே நுழைந்ததும் மாப்பிள்ளை கேட்டார்: "மாமா, இதுல டிரான்ஸ்மிட்டர் எது?"

"அந்த மோட்டாரோட சேர்ந்து சுத்துதே, அதுதான்."

"அது ஜெனரேட்டர் ஆச்சே?"

"அதேதான் டிரான்ஸ்மிட்டர்."

அவர் நம்பவில்லை. நம்ப முடியாததுதான். வால்வு கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. ஒரு ஆல்டர்னேட்டரை (ஏசி கரண்ட் தரும் ஜெனரேட்டரை) அசுர வேகத்தில் சுற்றி, அதிலிருந்து நேரடியாக ரேடியோ அலையை எடுக்கிறார்கள். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை; இது 17,200 ஹெர்ட்ஸ். வித்தியாசம் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. தத்துவம் ஒன்றே.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சுழல்வது 1.6 மீட்டர் விட்டமுள்ள எஃகுத் தட்டு. அதன் விளிம்பில் 488 பள்ளங்கள், பள்ளத்துக்கு ஓர் அலை. நிமிடத்துக்கு 2,115 சுற்று என்றால் நொடிக்கு 35.25. அதை 488-ஆல் பெருக்கினால் 17,202. இவ்வளவுதான் ரகசியம். சுழலும் பாகமான ரோட்டரில் ஒரு சுற்றுக் கம்பி கூட இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வைண்டிங் எல்லாம் அசையாத ஸ்டேட்டரில். கம்பி சுற்றிய ரோட்டராக இருந்திருந்தால் இந்த வேகத்தில் கம்பியைப் பிடித்து வைப்பதே பெரும்பாடாகி இருக்கும்: விளிம்பின் வேகம் மணிக்கு 630 கிலோமீட்டருக்கும் மேல். பள்ளங்களைத் திறந்து விட்டால் காற்றை வாரி இறைக்கும் என்று காந்தம் பிடிக்காத உலோகத்தால் அடைத்து வழவழப்பாக்கி இருக்கிறார்கள். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இத்தனை பெரிய தட்டு அந்த வேகத்தில் சுற்றும்போது சூட்டில் கொஞ்சம் விரிந்தாலும் உரசிவிடும். பேரிங் வேலை செய்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும். 1920-களில் செய்த சாமான் இது.

இதை வடிவமைத்தவர் எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன். ஸ்வீடன்காரர், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 200 கிலோவாட் மெஷின் அங்கிருந்துதான் வந்தது. இரண்டு இருந்தன, ஒன்றைப் பிற்பாடு கழித்துவிட்டார்கள். சுற்றுவதற்கு 500 குதிரைத்திறன் டூ-பேஸ் ஸ்லிப்ரிங் மோட்டார் (இப்போது வழக்கமான மூன்று பேஸுக்குப் பதில் இரண்டு பேஸ் கரண்டில் ஓடுவது), நடுவே வேகத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்கும் கியர். ஸ்டார்ட் செய்வதற்குத் திரவ ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் திரவத்தின் வழியே விட்டுக் கட்டுப்படுத்தும் தொட்டி. டூ-பேஸ் மோட்டாரைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த என் தலைமுறைக்கு இது ஒன்றே போதும்.

வேகத்தைப் பிடித்து வைப்பதுதான் இதில் பெரிய வித்தை. தந்தி அடிக்கும் மோர்ஸ் விசையை அழுத்தினால் சுமை ஏறி மெஷின் தள்ளாடும், விட்டால் துள்ளும். ஆன்டெனாவோ கொஞ்சம் அலைவரிசை நகர்ந்தாலும் ஒத்துழைக்காது. அதனால் டியூன் செய்த சுற்று ஒன்று வேகத்தை வேவு பார்த்துக்கொண்டே இருக்கும், மோட்டாருக்குப் போகும் கரண்டும் அதற்கேற்பக் கூடும், குறையும். விசை நேராக 200 கிலோவாட்டை வெட்டுவதில்லை. இரும்புக் கருவில் சுற்றிய காயிலுக்குச் சின்ன டிசி கொடுத்து அதன் இண்டக்டன்ஸை (ஏசி கரண்டை அது தடுக்கும் அளவை) மாற்றி, பெரிய சக்தியை அதன் வழியாக ஆட்டி வைக்கிறார்கள். காந்தப் பெருக்கி என்பார்கள். தொடுப்பில் பொறி பறக்காத அழகான ஏற்பாடு.

வெளியே கோபுரங்கள் ஒவ்வொன்றும் 127 மீட்டர் உயரம், மேலே 46 மீட்டர் குறுக்குக் கை, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 380 மீட்டர் இடைவெளி. மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அலைநீளம் 17 கிலோமீட்டருக்கு மேல். அதன் முன்னால் இந்த உயரம் ஒன்றுமே இல்லை, கால் அலைநீளமே நான்கு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. உயரம் போதாத ஆன்டெனாவில் சக்தியெல்லாம் மண்ணிலேயே வீணாகும். அதற்கு அலெக்சாண்டர்சன் கண்ட வழி, ஒரே இடத்தில் எர்த் செய்யாமல் ஒவ்வொரு கோபுரத்திலும் கம்பியைக் கீழே இறக்கித் தனித்தனிக் காயில் வழியாக எர்த் செய்வது. ஆறு இடத்தில் பகிர்ந்து போவதால் மண்ணில் இழப்பு குறைகிறது. மெஷின் ஹாலோடு திரும்பிவிடாமல் கோபுரத்தின் அடி வரை நடந்து போய் அந்தக் காயில்களைப் பாருங்கள், அவைதான் பாதிக் கதை. பக்கத்தில் இன்னும் உயரமாக ஒன்று நிற்கும், அது எஃப்எம், டிவி கோபுரம். இதோடு சம்பந்தம் இல்லை.

எதற்காக இவ்வளவு? முதல் உலகப் போரில் கடலடிக் கேபிள்கள் அடுத்தவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று ஸ்வீடன் பார்த்துவிட்டது. 1920-ல் பாராளுமன்றம் முடிவெடுத்தது, 1924 டிசம்பரில் நிலையம் வேலையைத் தொடங்கியது, 1925 ஜூலை 2 அன்று அரசர் ஐந்தாம் குஸ்தாவ் திறந்து வைத்தார். இடத்தேர்வும் யோசித்துச் செய்தது: இங்கிருந்து நியூயார்க் போகும் நேர்வழி டென்மார்க்குக்கும் நார்வேக்கும் நடுவே புகுந்து ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடல் மேலேயே போகிறது. தந்தி அடித்தவர் இங்கே உட்காரவில்லை, கோதன்பர்க் தந்தி அலுவலகத்தில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து வருவதைப் பிடிக்கும் ரிசீவர் குங்ஸ்பாக்கா என்ற ஊரில். பக்கத்திலேயே வைத்திருந்தால் தன் சத்தத்திலேயே காது அடைத்துப் போயிருக்கும்.

வால்வும் சிற்றலையும் வந்ததும் இந்த மாதிரி மெஷின்கள் அநேகமாக எல்லாம் பழைய இரும்புக்குப் போயின. மறுகரையில், நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் இருந்தவையும் நின்றுபோயின. இது தப்பியதற்கு ஒரு காரணம் நீர்மூழ்கிக் கப்பல். இந்த நெட்டலைதான் கடல் நீருக்குள்ளும் கொஞ்சம் இறங்கும் என்பதால் கடற்படை 1990-கள் வரை பயன்படுத்தியது.

சரி, எப்போது போவது? சாதாரண நாளில் வழிகாட்டி நன்றாகவே விளக்குவார், ஆனால் மெஷின் நின்றபடி இருக்கும். ஜூலை 2-க்கு நெருங்கிய ஞாயிறு அலெக்சாண்டர்சன் நாள், அன்றும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளும் வழக்கமாக ஓட்டிச் செய்தி அனுப்புகிறார்கள். நான் அப்படி ஒரு நாளில்தான் போனேன். செய்தி அனுப்புவதற்கு வெகுமுன்பே டியூனிங் தொடங்கிவிடும், அதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். அடித்தொண்டையில் ஆரம்பிக்கும் உறுமல் படிப்படியாக மேலேறி, ஒரு கட்டத்தில் ஊளையாகி நிலைத்து நிற்கும். ஆம்ப் மீட்டர் முள் மோர்ஸுக்குத் தக்கபடி ஆடுவதைப் பார்த்த பிறகுதான் மாப்பிள்ளை என் பேச்சை நம்பினார். சின்னக் குழந்தைகளோடு போனால் இந்த நாள் வேண்டாம், கூட்டம், சத்தம் இரண்டும் அதிகம். வெட்டவெளியில் காற்று பலமாக அடிக்கும், ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

போக முடியாதவர்களுக்கு: 17.2 கிலோஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டுக்கே எட்டும் அலைவரிசை. மைக் இன்புட்டில் பெரிய காயில் ஒன்றைக் கட்டி, அதற்கான மென்பொருளை ஓட்டினால் ஐரோப்பாவில் பல இடங்களில் எஸ்ஏக்யூ என்ற இந்த நிலையத்தின் அழைப்புக் குறி கேட்கிறது. தூரத்தில் இருப்பவர்கள் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆரில், அதாவது இணையம் வழியே யாரும் கேட்கக்கூடிய ரேடியோ ரிசீவரில், கேட்கலாம். சொந்தக் காயில் வைப்பவர்கள் வீட்டிலுள்ள எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் முதலில் பிடுங்கிப் போடுங்கள். அவை போடும் இரைச்சலில் எதுவும் காதில் விழாது.