பச்சை வந்தால் நல்லதாம்! கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கடல்நீர் மீன் தொட்டி வைக்க அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்துவிட்டால், எந்தக் கடையில் போய் நின்றாலும் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

நான் வாங்கியது ‘முழு செட்டப்’. தொட்டி, அடியில் சம்ப் (வடிகட்டும் கீழ்த்தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி), ஹீட்டர், வேவ்மேக்கர் (அலை எழுப்பும் மோட்டார்), விளக்கு, உப்பு, மணல், லைவ் ராக், பாட்டில் பாக்டீரியா, எல்லாமே அவர்கள் பொறுப்பு. கண்ணாடி வேலையிலும் பைப் வேலையிலும் இன்றுவரை குறையில்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தில்லுமுல்லு முழுக்க உயிருள்ள சரக்கில்தான்.

முதலில் கல். லைவ் ராக் என்றால் கடல்நீரில் கிடந்து, உள்ளே துளைத் துளையாக பாக்டீரியா குடியேறிய கல். அந்தக் குடியேற்றத்துக்குத்தான் விலை. எனக்கு வந்த கல் முழுக்க ஊதா நிறம், பார்க்க அமர்க்களமாக இருந்தது. நிஜக் கல்லில் தெரியும் ஊதா, கோரலைன் என்ற சுண்ணாம்புப் பாசி. வெளிச்சம் படும் பக்கம் ஒரு மாதிரி, நிழல் பக்கம் வேறு மாதிரி, நடுநடுவே வெறும் வெள்ளை என்று திட்டுத் திட்டாகத்தான் படரும். என்னுடையதில் அடிப்பக்கம் வரை ஒரே சீராக இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பாசியாக இருந்தால் நகம்தான் தேய்ந்திருக்கும். இங்கே ஊதா சன்னமான ஏடாக உரிந்து நகத்தோடு வந்தது, கீழே பளிச்சென்று வெள்ளைக் கல். சாயம் பூசிய உலர்ந்த கல்! உலர்ந்த கல்லை வைத்துத் தொட்டி தொடங்குவதில் தப்பே இல்லை, வேண்டாத புழு பூச்சி வராது என்று அதையே விரும்பி வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் அதை உலர்ந்த கல் என்று சொல்லி, உலர்ந்த கல் விலைக்கு விற்க வேண்டும்.

விலை வித்தியாசத்தோடு போயிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். கல்லில் உயிர் இல்லை என்றால் தொட்டி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற வேண்டும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். இந்தப் படை தானாகச் சேர பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். நல்ல பாட்டில் பாக்டீரியா இதைச் சுருக்கும், மறுக்கவில்லை. சுருக்கியதா இல்லையா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். கடல்நீரில் அளக்காமல் விடுவது நன்னீரைவிட ஆபத்து. பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் எண்) 8.2 அளவில் இருப்பதால், அம்மோனியாவில் விஷமான பங்கு பி.எச். 7 உள்ள தண்ணீரில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் போய்விடும்.

அளந்தது யார்? கடைக்காரர்தான். நான் கொண்டுபோன தண்ணீரைக் குழாயில் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார். இளம்பச்சை. “பச்சை வந்தா நல்லது சார், தைரியமா மீன் விடுங்க” என்றார். கிட்டோடு வந்த நிற அட்டை எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு சார், தினம் நூறு பேருக்குப் பார்க்கிறோம்.” பிறகு அதே வகைக் கிட்டை வேறு இடத்தில் வாங்கி அட்டையோடு வைத்துப் பார்த்தேன். அதில் மஞ்சள்தான் பூஜ்யம். பச்சை ஏற ஏற அம்மோனியா ஏறுகிறது என்று அர்த்தம். பச்சைக்கு வண்டியை எடுக்கலாம் என்பது ரோட்டு சிக்னலோடு சரி.

அன்றைக்கே அவர் கட்டிக் கொடுத்த பைகளைக் கேளுங்கள்: க்ளவுன் மீன் ஜோடி, ப்ளூ டேங், மாண்டரின், கிளீனர் ராஸ் என்று மீன் வகைக்கு ஒன்று, இரண்டு இறால், ஒரு கடல் சாமந்தி (பூப்போலத் தெரியும் கடல் விலங்கு). இந்தத் துறையில் இருக்கிற யாரிடம் இந்தப் பட்டியலைக் காட்டினாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். மாண்டரின் நாள் முழுக்கக் கல்லைக் கொத்திக் கொத்தி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற கோப்பிபாட் என்ற சின்ன உயிர்களைத் தின்று வாழும் மீன். புதுத் தொட்டியில், அதுவும் சாயம் பூசிய கல்லில், அது ஏது? வயிறு ஒட்டி ஒட்டியே செத்தது. செத்த பிறகு “தீனி பழக்கியிருக்கணும் சார்” என்றார். விற்கும்போது வாயில் அந்த வார்த்தை வரவில்லை. கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்னும் மீன், அதுவும் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினிதான். கடல் சாமந்தி பால் வெள்ளையாக இருந்தது. ‘அரிய வெள்ளை ரகம்’ என்று தனி விலை. தன் திசுவுக்குள் குடியிருந்து சாப்பாடு தரும் பாசியை இழந்தால்தான் சாமந்தி அப்படி வெளுக்கும். நோயாளியை ஸ்பெஷல் என்று சொல்லி விற்றிருக்கிறார்.

ப்ளூ டேங் “ஃபார்ம்ல வளர்ந்தது சார், எதையும் தாங்கும்” என்றார். அந்த இனத்தை மனிதப் பராமரிப்பில் முட்டையிலிருந்து மீனாக வளர்த்து எடுத்ததே 2016-இல்தான், அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில். கடைக்கு வருவதில் பெரும்பகுதி இன்னும் கடலில் பிடித்ததுதான். ஃபார்ம் என்று யாராவது சொன்னால் எந்தப் பண்ணை என்று கேளுங்கள். க்ளவுன் என்றால் பதில் இருக்கும், அது பல காலமாகப் பண்ணையில் வளர்கிறது. இன்னொன்று, ப்ளூ டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும். என் தொட்டியின் நீளம் தெரிந்தே, அளந்து செய்தவரே, அதை விற்றார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கடைத் தொட்டியில் அந்த ப்ளூ டேங் மீனை நான் பலமுறை நின்று பார்த்தேன். உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. போய்ச் சொன்னால், “உங்க தண்ணி ஷாக்” என்று ஒரு மருந்து தந்தார். இறாலுக்கு ஆகுமா என்று இரண்டு தடவை கேட்டேன். ஆகும் என்றார். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் காப்பர் என்று இருந்தது. காப்பர் பட்டால் இறால், நத்தை, சாமந்தி, பவளம் எதுவும் நிற்காது. கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் தொட்டியில் நேரடியாக ஊற்றவே கூடாது. பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் பல வருஷமாகப் பவளத் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். “இன்னொரு சின்ன மீன் வாங்கு, மீனை விட்டுடு, பையில இருக்கிற தண்ணியை எனக்குக் கொண்டா.” பைத் தண்ணீர் என்பது கடைத் தொட்டியின் தண்ணீர்தானே. உப்பு அளக்கும் அவருடைய ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) அளவுக் கரைசலில் சரிபார்த்துவிட்டு ஒரு சொட்டு விட்டார். உப்பு ஏற ஏற ஏறும் அடர்த்தி எண் 1.018. கடலில் இருப்பதோ 1.025, 1.026 பக்கம். அடுத்து காப்பர் சோதனை. நிறம் ஏறியது. சாதாரணக் காப்பர் மருந்து இந்த ஒட்டுண்ணியைக் கொல்ல லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் நிலையாக நிற்க வேண்டும். இங்கே அதில் பாதிகூட இல்லை.

அதன் பொருள் இதுதான். குறைந்த உப்பு, கொஞ்சம் காப்பர். உப்புச் செலவும் மிச்சம், மீனும் விற்கும்வரை பளபளவென்று நிற்கும். நோய் போகாது, அடங்கிக் கிடக்கும். ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் சில நாள் தின்றுவிட்டுக் கீழே விழுந்து, கூடு கட்டி, உடைந்து நூற்றுக்கணக்கில் நீந்தி வெளியே வரும். காப்பர் பிடிப்பது நீந்துகிறவற்றை மட்டும்தான். காப்பர் இல்லாத, உப்பு சரியான தொட்டிக்கு மீன் வந்ததும் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். போதாததற்கு 1.018-இலிருந்து 1.025-க்கு அரை மணி நேரத்தில் ஏற்றினால் மீன் பாதி உயிராகிவிடும். உப்பைக் குறைத்தால் தாங்கும் மீன், ஏற்றினால் தாங்காது. கடையில் சொன்ன வழிமுறை: “பையை அரை மணி மிதக்கவிட்டு அப்படியே விட்டுடுங்க.”

இப்போது கேரண்டிக்கு வருகிறேன். ஒரு வார கேரண்டி என்று வாயால் சொன்னது உண்மை. செத்த மீனையும் தொட்டித் தண்ணீரையும் கொண்டுவர வேண்டும், அவர்களே பரிசோதிப்பார்கள். கொண்டுபோனேன். அன்றைக்கு மட்டும் உள்ளேயிருந்து ரிஃப்ராக்டோமீட்டர் வெளியே வந்தது. “1.021 சார், உப்பு கம்மி, மீன் அதனாலதான் போச்சு, கேரண்டி செல்லாது.” உப்பு அளக்க எனக்கு அவர்கள் விற்றது பிளாஸ்டிக் முள் ஆடும் ஹைட்ரோமீட்டர். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு கூடக் காட்டும் சாதனம் அது. அதில் 1.025 என்று பார்த்துத்தான் உப்பு போட்டேன், அதுவும் அவர் பையன் எதிரில். 1.018-இல் மாதக்கணக்கில் மீன் வைத்திருப்பவர், 1.021-இல் மீன் செத்தது என்று சொல்லி முகம் மாறாமல் நிற்கிறார்! நண்பரின் அளவைச் சொன்னதும் குரல் மாறியது. “யார் யாரோ சொல்றதைக் கேட்டுட்டு வராதீங்க.” பணமும் வரவில்லை, மீனும் வரவில்லை.

இதெல்லாம் என் ஒருவன் தலைவிதி என்று நினைக்க வேண்டாம். உப்பைக் குறைத்து வைக்கும் கடைகள் நிறைய உண்டு, கேட்டால் ஒளிக்காமல் சொல்கிற நல்ல கடைகளும் உண்டு. ஆகவே கேளுங்கள். உங்கள் தொட்டி உப்பு எவ்வளவு, காப்பர் ஓடுகிறதா, மீன் வந்து எத்தனை நாள், என் கண் முன்னால் தீனி போடுவீர்களா. தீனி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பாய்ந்து தின்னாத மீனை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் தொடாதீர்கள். சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி இன்னும் ஒழியவில்லை. அப்படி வந்த மீன் கண்ணாடிக்குள் அழகாகத்தான் நிற்கும்.

அம்மோனியா கிட், ரிஃப்ராக்டோமீட்டர், அதைச் சரிபார்க்கும் கரைசல் மூன்றையும் மீன் விற்கும் கடையில் வாங்காமல் வேறிடத்தில் வாங்குங்கள். வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்று, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், தனிமைத் தொட்டி ஆகிவிடும். புது மீன் குறைந்தது ஒரு மாதம் அதில் இருக்கட்டும். கேரண்டி என்றால் பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள், எந்தக் கருவியில் யார் அளப்பது என்பதையும் சேர்த்து.

என் க்ளவுன் ஜோடி மட்டும் பிழைத்து இப்போது தனித் தொட்டியில் சிகிச்சையில் இருக்கிறது. பெரிய தொட்டி மீன் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒட்டுண்ணி பட்டினியில் சாக 76 நாள் காலியாக விடுவதுதான் தொட்டி வைப்பவர்கள் வழக்கத்தில் உள்ள கணக்கு. நடுவில் அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. புதுசாக மாண்டரின் இறங்கியிருக்கிறதாம், பழைய கஸ்டமர் என்பதால் தள்ளுபடி தருகிறார்களாம்.