பிளாக் உப்பா, டேப்ளட் உப்பா? இங்கிலாந்தில் வாட்டர் சாஃப்ட்னர் வாங்கப் போகிறவர்களுக்கு

ரெடிங்கில் நாங்கள் இதுவரை இரண்டு வீடு பார்த்துவிட்டோம். முதல் வீட்டில் ஆறு வருடம், சின்னச் சின்ன வில்லைகளாக வரும் டேப்ளட் உப்பு போடும் எலக்ட்ரிக் சாஃப்ட்னர் (கடினத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம்) இருந்தது, பழைய சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போனது. இப்போது இருக்கும் வீட்டில் நான்கு வருடமாக மின்சாரமே வேண்டாத, பெரிய கட்டிகளாக வரும் பிளாக் உப்பு போடும் இரட்டைச் சிலிண்டர் சாஃப்ட்னர், இது நாங்களே தேர்ந்தெடுத்து வாங்கியது. இரண்டையும் கையால் தொட்டுப் பராமரித்தவன் என்பதால் என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளாக் உப்பு. காரணம் இயந்திரத்தின் தரமோ விலையோ இல்லை, உப்பைப் போடப் போவது யார் என்பதுதான்.

சாஃப்ட்னர் தேவையா என்ற கேள்விக்குள் நான் அதிகம் போகவில்லை. தென்கிழக்கு இங்கிலாந்தில் பெரும்பாலான ஊர்களின் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவது, லண்டன், ரெடிங், லூட்டன், கேம்பிரிட்ஜ் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். உங்கள் தண்ணீர் நிறுவனத்தின் தளத்தில் போஸ்ட்கோடு போட்டால் கடினத்தன்மை எவ்வளவு என்று சொல்லிவிடும். எங்கள் பக்கம் லிட்டருக்கு 300 மில்லிகிராமை ஒட்டி (கால்சியம் கார்பனேட் கணக்கில்). ஸ்காட்லாந்திலோ மான்செஸ்டரிலோ இருக்கிறீர்கள் என்றால் உங்கள் தண்ணீர் ஏற்கெனவே மென்மையானது, இந்தச் செலவே வேண்டாம். எதிர் வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்த புதிதில் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து அவருக்கு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஞாபகம்தான் வந்ததாம். அங்கேயும் நிலத்தடியில் சுண்ணாம்புக் கல்தானே.

வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றே. சிலிண்டருக்குள் இருக்கும் ரெசின் என்ற பிளாஸ்டிக் மணிகள் தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும், மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். வித்தியாசம் அந்தக் கழுவலில்தான். எலக்ட்ரிக் ஒற்றைச் சிலிண்டர் வழக்கமாக இரவு இரண்டு மணி போல எல்லோரும் தூங்கும்போது கழுவிக்கொள்ளும், அந்த நேரத்தில் குழாயைத் திறந்தால் வருவது கடினத் தண்ணீர். இரட்டைச் சிலிண்டரில் ஒன்று கழுவிக்கொண்டிருக்க மற்றது வேலை பார்க்கும், எத்தனை லிட்டர் ஓடியது என்று தண்ணீரின் ஓட்டத்தை வைத்தே அளந்துகொள்ளும், பிளக் பாயின்ட் தேவையில்லை. கினெட்டிகோ, ஹார்வி போன்றவை இந்த வகை. எங்கள் பழைய எலக்ட்ரிக் மெஷினில் மார்ச்சிலும் அக்டோபரிலும் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும்போது அதையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒருமுறை மின்சாரம் போய் வந்ததில் நேரம் தாறுமாறாகிப்போய், காலை ஏழரைக்குப் பிள்ளைகள் குளிக்கும் நேரத்தில் கழுவ ஆரம்பித்துவிட்டது. புது மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு என்கிறார்கள், என்னிடம் இருந்தது பழசு என்பதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

சரி, உப்புக்கு வருகிறேன். நான்கு பேர் இருக்கும் வீடு, எங்கள் தண்ணீரின் கடினம், இரண்டையும் வைத்துப் பார்த்தால் மாதத்துக்குப் பத்து கிலோவை ஒட்டி உப்பு போகும். டேப்ளட் உப்பு பெரும்பாலும் 25 கிலோ மூட்டையாக வரும், கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு, இதை மறுக்க முடியாது. பிளாக் உப்பு நான்கு கிலோ கட்டிகள் இரண்டு சேர்ந்த எட்டு கிலோ பொதி. வருடக் கணக்கில் பார்த்தால் பிளாக்குக்குக் கூடுதலாகத்தான் கொடுக்கிறேன், தெரிந்தேதான் கொடுக்கிறேன்.

ஏன் என்றால், முதல் வீட்டில் நான்காவது வருடம் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று நான் ஏழு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் வாரம் உப்பு தீர்ந்துவிட்டது. புது மூட்டை காரேஜில் இருக்கிறது, சாஃப்ட்னரும் அதே காரேஜில் இரண்டு எட்டு தள்ளி இருக்கிறது, ஆனால் 25 கிலோவைத் தூக்கி இடுப்பு உயரத் தொட்டிக்குள் கவிழ்க்க வேண்டும். என் மனைவிக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை. ஒரு வாரம் அப்படியே ஓடியிருக்கிறது. அப்புறம் எதிர் வீட்டு அக்கா வந்து மூட்டையைக் கத்தரியால் வெட்டி, "நீ நில்லம்மா, நான் போடுறன்" என்று அரிசி அளக்கிற மாதிரி குவளை குவளையாக அள்ளிப் போட்டிருக்கிறார். மறுபடி சீக்கிரம் போட வேண்டி வரக்கூடாதே என்று இருவரும் சேர்ந்து தொட்டியின் விளிம்பு வரை நிரப்பிவிட்டார்கள்.

அங்கேதான் அடுத்த சிக்கல். நான் திரும்பி வந்தபோது ஷவர் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டு, சோப்பு நுரைக்கவில்லை. தொட்டியைத் திறந்து பார்த்தால் உப்பு நிறைய இருக்கிறது, மெஷினும் இரவில் ஓடுகிறது. இரண்டு நாள் புரியவில்லை. மூன்றாம் நாள் துடைப்பக் கட்டையின் முனையை உப்புக்குள் விட்டு மெல்ல அழுத்தினேன். ஒரு சாண் இறங்கியதும் கல்லில் முட்டுவது போல நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் பொரித்த அப்பளம் நொறுங்குகிற மாதிரி உடைந்து கட்டை சட்டென்று கீழே இறங்கிவிட்டது. உள்ளே வெற்றிடம். ஈரத்தில் மேல் உப்பு ஒன்றோடொன்று ஒட்டிக் கூரை மாதிரி இறுகிவிட்டது, அடியில் இருந்த உப்பு கரைந்துபோய்விட்டது, மேலே இருப்பது தண்ணீரைத் தொடவே இல்லை. உப்புக் கரைசல் உருவாகாமலேயே மெஷின் இரவு இரவாக வெறும் தண்ணீரில் ரெசினைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது. உப்புப் பாலம் என்பார்கள் இதை. ஈரமான காரேஜ், விளிம்பு வரை நிரப்புவது, இரண்டும் இதற்குத் தோதான காரணங்கள். டேப்ளட் மெஷின் வைத்திருப்பவர்கள் முக்கால் தொட்டிக்கு மேல் போடாதீர்கள், மாதம் ஒருமுறை கட்டையால் மெல்லக் குத்திப் பாருங்கள். ஓங்கிக் குத்தினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உடையும்.

பிளாக்கில் இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. கட்டிகள் நேராகத் தண்ணீரில் நிற்கின்றன, அடியிலிருந்து கரையக் கரையக் கீழே இறங்குகின்றன. மூடியைத் திறந்தால் எவ்வளவு மிச்சம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் மெஷின் சிங்குக்கு அடியில், பாத்திரம் கழுவும் திரவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பெரிய மகள் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, கட்டியை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே நிறுத்துகிறாள். பத்து வயது. நான் ஊரில் இல்லாதபோதும் இந்த வேலை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இது சின்ன விஷயமில்லை. அண்ணன் தம்பி, மாமா மச்சான் என்று யாரையும் கூப்பிட்டு ஒரு மூட்டையைத் தூக்கி வைக்கச் சொல்லும் வசதி இங்கே கிடையாது, நாளைக்கு நமக்கே அறுபது வயதாகும்போதும் அதே மூட்டை அதே எடையில்தான் இருக்கும்.

நியாயமாகச் சொன்னால் டேப்ளட் பத்து கிலோ பையிலும் கிடைக்கிறது, அதை வாங்கினால் தூக்குவது சுலபம், ஆனால் மலிவு என்ற லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். பிளாக்கிலும் குறை உண்டு. தொட்டி சின்னது என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும், நாங்கள் பத்து நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோம். அது கட்டிக்கென்றே அளவெடுத்த தொட்டி என்பதால் அவசரத்துக்கு வேறு உப்பு போட முடியாது என்ற எண்ணத்தோடுதான் இருக்க வேண்டும், நான் எப்போதும் இரண்டு பொதி கையிருப்பு வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, எந்த மெஷினானாலும் தமிழ்க் கடைக் கல்லுப்பைப் போடலாமே என்று யோசிக்க வேண்டாம். அதில் உள்ள மண்ணும் மற்ற தாதுக்களும் வால்வை அடைக்கும். பையில் இஎன் 973 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், சாஃப்ட்னர் உப்புக்கான ஐரோப்பியத் தரம் அது.

உப்பே வேண்டாம், குழாயில் கம்பியைச் சுற்றினால் போதும் என்று விற்கும் எலக்ட்ரானிக் கண்டிஷனரையும் கேட்பீர்கள். அது கால்சியத்தை எடுப்பதே இல்லை, தண்ணீரின் கடினம் அப்படியேதான் இருக்கும். படிவு ஒட்டாமல் தடுக்கும் என்பதுதான் அவர்கள் சொல்வது. நண்பர் ஒருவர் வீட்டில் இருக்கிறது, அவருக்குத் திருப்தி, ஷவர் கண்ணாடியில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு முடிவாகச் சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் குழாயை வெட்ட அனுமதி பெரும்பாலும் கிடைக்காது, அவர்கள் கெட்டிலுக்கும் ஷவர் தலைக்கும் லெமன் சால்ட்டை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் ஊறவைப்பதே போதும்.

எந்த வகை வாங்கினாலும் சமையலறையில் கடினத் தண்ணீருக்குத் தனிக் குழாய் ஒன்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள். 100 மில்லிகிராம் கடினத்தை எடுக்க 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். எங்கள் 300-க்கு அது லிட்டருக்கு 138 மில்லிகிராம். இங்கே குடிநீருக்கான உச்சவரம்பு 200, அதனால் சட்டப்படி தவறில்லை, ஆனால் கைக்குழந்தைக்குப் பால் கலக்கவும், உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் குடிக்கவும் இந்தத் தண்ணீர் வேண்டாம். அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது. அவர் வந்து தங்கும் மூன்று மாதமும் அந்தக் கடினத் தண்ணீர்க் குழாயில் சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றிவைக்கிறோம், கண்ணாடி போடாவிட்டாலும் அடையாளம் தெரியும். துவரம் பருப்பு கடினத் தண்ணீரில் வேக நேரமெடுக்கும் என்பது ஊரிலேயே தெரிந்த விஷயம், அதற்காக மட்டும் பருப்பை மென்னீரில் முந்தின இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, குடிநீர்க் குழாயில் பிடித்து வேகவைக்கிறோம். நன்றாகவே வேகிறது.

பிளம்பரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்ததும் தண்ணீரைச் சூடாக்கித் தருவது) இருக்கும் வீட்டில் மெஷினின் குழாய்கள் மெல்லியதாக இருந்தால் ஷவரில் ஓட்டம் குறையும், உங்கள் மெயின் குழாயின் அளவுக்கு ஈடான குழாய் போடச் சொல்லுங்கள். ரேடியேட்டர் சுற்றை நிரப்ப மென்னீரைப் பயன்படுத்தலாமா என்பதை பாய்லர் கையேட்டில் பார்க்கச் சொல்லுங்கள், அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள பாய்லர்களில் பொதுவாக வேண்டாம் என்பார்கள்.

மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க ஊரிலிருந்து கொண்டுவந்த டிடிஎஸ் பேனாவை, அதாவது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் கருவியை, நம்பாதீர்கள். கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்துவிடுவதால் அந்த எண் குறையவே குறையாது. போட்ட அன்று அதைப் பார்த்துவிட்டு மெஷின் பழுது என்று நினைத்துப் போன் செய்யப் போனேன். கடினம் பார்க்கும் காகிதப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஒரு சின்ன பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு சாதாரண சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குங்கள். மென்னீர் என்றால் தலை நிறைய நுரை நிற்கும், கடினம் என்றால் பால் கலங்கின மாதிரி ஆகி நுரை அடங்கிவிடும்.

ஊருக்கு ஐந்தாறு வாரம் போகும்போது நாங்கள் தண்ணீர் மெஷினுக்குள் போகாமல் நேராகப் போகும்படி பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டுப் போகிறோம். பழைய மெஷின் ஆளில்லாத வீட்டிலும் நாள் கணக்குப்படி கழுவிக்கொண்டே இருந்தது, இது தண்ணீர் ஓடாமல் கழுவாது. திரும்பி வந்ததும் வால்வைத் திறந்து, கையாலேயே ஒருமுறை கழுவ வைத்து, தேங்கிய தண்ணீர் போகும்வரை குளியலறைக் குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்ட பிறகுதான் பெட்டிகளைப் பிரிக்கிறோம்.