நியூரான் கல்ச்சரைப் பதிவு செய்ய: மின்வாய்த் தட்டா, கால்சியம் படமா?

எலிக் கருவின் மூளைப் புறணியிலிருந்து நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்த்தால் (இதுதான் கல்ச்சர்), வெளித்தூண்டல் எதுவும் இல்லாமலே அவை மின்துடிப்புகளை வெளியிடத் தொடங்கும். இரண்டு மூன்று வாரங்களில் மொத்த வலையும் கூட்டாகச் சேர்ந்துகொள்ளும். சிறிது நேரம் ஏறக்குறைய அமைதி, அப்புறம் மழை விட்ட இரவில் தவளைகள் கத்துவதுபோல எல்லாம் ஒரேயடியாக. ஆய்வகத்தில் இதை பர்ஸ்ட் என்பார்கள்.

இதைப் பதிவு செய்ய என் முதல் தேர்வு மின்வாய்த் தட்டுதான். தட்டின் அடியிலேயே நுண்மின்வாய்கள் பதித்திருக்கும். பரவலாகப் புழங்கும் வகையில் 60. ஒரு துடிப்பு ஒரு மில்லிவினாடி அளவே நீடிக்கும். வினாடிக்கு 20,000 முறைக்கு மேல் அளப்பதால், பர்ஸ்ட் எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் பரவியது என்று பார்த்துவிடலாம். செல்லைத் துளைப்பதில்லை, வெளிச்சம் அடிப்பதில்லை. அதனால் ஒரே கல்ச்சரை வாரக்கணக்கில் பின்தொடரலாம். வாகனார், பைன், பாட்டர் மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டதுதான். செல்கள் நெருக்கமாக இருந்த தட்டுகளில் பர்ஸ்ட் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது என்பதை அதில் பார்க்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. மின்வாய்களுக்கு நடுவே பெரும்பாலும் 200 மைக்ரோமீட்டர் இடைவெளி. அங்கே இருக்கும் செல்கள் கணக்கில் வராமலே போகலாம். ஒரே மின்வாயில் பல செல்களின் துடிப்புகள் கலந்தும் வரும். 26,400 மின்வாய்கள் கொண்ட சில்லுகள் வந்துவிட்டன, ஆனால் ஒரே நேரத்தில் 1,024இல்தான் பதிவு செய்யலாம். தரவும் மலைபோலக் குவியும். சாதாரண 60 மின்வாய்த் தட்டே, வினாடிக்கு 25,000 அளவீடு, ஒவ்வொன்றுக்கும் 16 பிட் என்றால், மணிக்குப் பத்து ஜிபியைத் தாண்டும்.

கால்சியம் படம் பிடிப்பதில் எந்தச் செல் என்பது கண்ணெதிரே தெரியும். நியூரான் துடிக்கும்போது உள்ளே கால்சியம் ஏறும், அதற்கேற்ப சாயமோ ஜிகேம்ப் புரதமோ ஒளிரும். மற்ற செல்களின் துடிப்பை அடக்கும் தடுப்பு நியூரான்களில் மட்டும் ஜிகேம்ப் உருவாகும்படியும் செய்யலாம். மின்வாய்த் தட்டில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஒளி மங்க நூற்றுக்கணக்கான மில்லிவினாடிகள் ஆகும். பர்ஸ்டுக்குள் யார் முந்தினார், எத்தனை துடிப்பு என்பதெல்லாம் குழம்பிவிடும். அதிக நேரம் ஒளி பாய்ச்சினால் செல்லுக்கும் கேடு.

பேட்ச் கிளாம்ப், அதாவது நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செல்லின் சவ்வில் ஒட்டி அளக்கும் முறை? துடிப்பாக மாறாத சின்னச் சின்ன மின்னழுத்த அசைவையும் காட்டும். ஆனால் ஒன்றிரண்டு செல்களில்தான், அதுவும் சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வலையைப் பார்க்க அது சரிப்படாது.

மருந்து சோதனைக்கும் வளர்ச்சியைத் தொடரவும் 60 மின்வாயே போதும். எந்த வகைச் செல் என்பதுதான் கேள்வி என்றால் கால்சியத்துக்குப் போங்கள். இரண்டு முறைகளின் முடிவுகளையும் ஒப்பிடும்போது கரைசலைக் கவனியுங்கள். மின்வாய்ப் பதிவை வளர்ந்த ஊடகத்திலேயே எடுத்துவிடலாம். கால்சியத்துக்குப் பெரும்பாலும் வேறு உப்புக்கரைசலுக்கு மாற்றுவார்கள், சிலர் அதில் மெக்னீசியத்தையும் விட்டுவிடுவார்கள். நியூரான்களைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பிகளை மெக்னீசியம் அடைத்து வைத்திருக்கும்; அது போனால் அடைப்பு விலகி பர்ஸ்ட் கூடிவிடும். அதை எப்படித் தன்னிச்சையான துடிப்பு என்று எண்ணுவது?