மாநில பட்ஜெட்: எத்தனை ஆண்டு முன்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்? மூன்றா, ஐந்தா, பதினைந்தா

அரசியலமைப்பின் 202-ஆவது பிரிவு மாநில அரசிடம் கேட்பது ஓராண்டு வரவு செலவு அறிக்கையை மட்டும்தான். சட்டமன்றம் ஒதுக்கித் தரும் பணமும் செலவாகாவிட்டால் மார்ச் 31-உடன் காலாவதியாகிவிடும். ஆனால் அரசு எடுக்கும் முடிவுகள் அப்படி ஓராண்டில் முடிவதில்லை. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வந்த ஒரே ஒரு பணி நியமனம்கூட சம்பளம், ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் செலவு வைக்கும். இதைக் கணக்கில் கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தெரியும் செலவு வேறு என்பதே உண்மை.

மூன்றாண்டு சுழல் திட்டம்

கர்நாடகம் 2002-லும் தமிழ்நாடு 2003-லும் பற்றாக்குறைக்கும் கடனுக்கும் கடிவாளம் போடும் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கொண்டுவந்தன. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. பட்ஜெட்டுடன் நடுத்தர கால நிதித் திட்டத்தையும் அவையில் வைக்க வேண்டும் என்பது இச்சட்டங்களின் முக்கியக் கட்டளை. தமிழ்நாட்டில் பட்ஜெட் ஆண்டும் அதை அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதில் இடம்பெறும்.

இதன் பலம், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. பலவீனமும் அதே. சென்ற ஆண்டு போட்ட மதிப்பீட்டை இந்த ஆண்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புதிதாக மூன்று எண்களைப் போட்டு, பற்றாக்குறை மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் வருமாறு கடைசி ஆண்டை அமைத்துவிடலாம். சொந்த வரி வருவாயை 100 என்று வைத்துக்கொள்வோம். 14 சதவீத வளர்ச்சி என்று எழுதினால் மூன்றாம் ஆண்டில் 148. நடப்பில் 10 சதவீதம் வளர்ந்தால் 133. அந்த 15-ஐ நம்பி ஏற்கெனவே திட்டங்கள் அறிவிக்கப்பட்டிருக்கும். பிறகு கைவைப்பது எங்கே? சம்பளத்திலும் வட்டியிலும் முடியாது. மூலதனச் செலவிலும் பராமரிப்பிலும்தான்.

கட்டுமானத்தில் இன்னொரு சிக்கல். ஒரு மருத்துவமனைக் கட்டடம் எழும்ப மூன்று ஆண்டு ஆகும். மருத்துவர், செவிலியர், மருந்து, மின்கட்டணம் எல்லாம் நான்காம் ஆண்டில் தொடங்கும். திட்டத்தின் ஜன்னல் சரியாக அதற்கு முன்பே மூடிவிடுகிறது.

ஐந்தாண்டுக் கட்டம்

12-ஆவது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தது. திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்ற பிரிவும் 2017-18-இல் போய்விட்டது. இப்போது ஐந்தாண்டு வரையறை என்றால் அது, மத்திய வரியிலும் மானியத்திலும் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக் குழுவின் காலம். இதன் பயன் பெரிது, ஏனென்றால் மத்திய அரசிடமிருந்து எது எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 15-ஆவது நிதிக் குழு கேரளத்துக்கு ஒதுக்கிய வருவாய்ப் பற்றாக்குறை மானியம் 2021-22-இல் 19,891 கோடி, அடுத்து 13,174 கோடி, அதற்கடுத்து 4,749 கோடி, பிறகு பூஜ்யம். இது 2021-லேயே அச்சில் இருந்தது. அதுபோலவே ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு வரும் வருவாய் இழப்பை ஈடுகட்டும் இழப்பீடு 2022 ஜூன் 30-உடன் முடியும் என்பதும் 2017-லேயே சட்டத்தில் இருந்தது.

குறை என்னவென்றால், ஐந்தாண்டுக் கட்டம் நகராது. முதல் ஆண்டில் ஐந்து ஆண்டு தெரியும்; நான்காம் ஆண்டில் முன்னே ஒரே ஒரு ஆண்டுதான் மிச்சம். மேலும் கூடுதல் பணம் கேட்டு நிதிக் குழுவுக்குத் தரும் மனுவில் வருவாயைக் குறைத்தும் தேவையைக் கூட்டியும் காட்டத் தோன்றும்; சட்டமன்றத்தில் அதற்கு நேர் எதிர். ஒரே துறை இரண்டு கணிப்புகளை வைத்திருந்தால் இரண்டையுமே நம்ப முடியாது.

பதினைந்தாண்டுக் கணிப்பு

எல்லாச் செலவுக்கும் இதைப் போடுவது வீண் வேலை. ஓய்வூதியம், கடன் முதிர்வு, பொதுத்துறை நிறுவனங்களின் கடனுக்கு அரசு தரும் உத்தரவாதங்கள், சாலை மற்றும் கட்டடப் பராமரிப்பு ஆகிய நான்குக்கு மட்டும் இது கட்டாயம் வேண்டும் என்பேன்.

தமிழ்நாட்டின் ஓய்வு வயதைப் பாருங்கள். 2020 மே மாதம் 58 என்பது 59 ஆனது. 2021-இல் 60 ஆனது. 2020 மே மாதம் ஓய்வுபெற வேண்டியவர் 2022 மே மாதம் ஓய்வுபெற்றார். இடைப்பட்ட இரண்டு ஆண்டில் வயது முதிர்வு ஓய்வு ஏறக்குறைய இல்லை. பணிக்கொடையும், ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக ஓய்வின்போது மொத்தமாகப் பெறும் தொகையும் தள்ளிப்போயின, செலவு மறையவில்லை. அந்த இரண்டு ஆண்டின் புள்ளியை அடிப்படையாக வைத்து வளர்ச்சி வீதம் போட்டால் ஓய்வூதியக் கணிப்பு அடியோடு தவறும். பிறந்த ஆண்டு வாரியாக ஊழியர்களை அடுக்கி, ஒவ்வொரு ஆண்டும் 60-ஐத் தொடுபவர்கள், இறப்பு வீதம், குடும்ப ஓய்வூதியத்துக்கு மாறுபவர்கள், ஆண்டுக்கு இருமுறை ஏறும் அகவிலைப்படி, ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் ஊதியத் திருத்தம் என்று கணக்கிட்டால்தான் மேடு எங்கே வருகிறது என்று புலப்படும்.

கடனிலும் இதே கதை. 2020-21-இல் கடன் வரம்பு 3-இலிருந்து 5 சதவீதம் வரை தளர்த்தப்பட்டது. அப்போது விற்ற 10 ஆண்டுப் பத்திரங்களின் அசல் 2030-31-இல் மொத்தமாக வந்து நிற்கும். எந்த மூன்றாண்டுத் திட்டமும் அதை 2021-இல் காட்டியிருக்க முடியாது. முன்பே தெரிந்தால் ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் கடன் தீர்ப்பு நிதியில் (அசலைத் திருப்பிக் கட்டச் சேர்த்துவைக்கும் நிதி) ஆண்டுதோறும் சிறிது ஒதுக்கலாம். அல்லது புதுக் கடனை வேறு முதிர்வு ஆண்டுகளுக்குப் பரப்பலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதுகெலும்பு மூன்றாண்டுத் திட்டமாகவே இருக்கட்டும், ஆனால் ஒரு நிபந்தனையுடன்: ஒரு பக்க ஒப்புநோக்கு அட்டவணை. முக்கியத் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் சென்ற ஆண்டு எழுதிய எண், இந்த ஆண்டு எழுதும் எண், வித்தியாசம். அந்த வித்தியாசத்தை விலை மாற்றம், பயனாளி எண்ணிக்கை மாற்றம், புதிய கொள்கை முடிவு, கணிப்புப் பிழை என நான்காகப் பிரிக்க வேண்டும். கணிப்புப் பிழை தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் அது பிழையல்ல, பழக்கம். இந்த அட்டவணை அவையில் வைக்கப்படாத வரை, ஜன்னலை எத்தனை ஆண்டுக்கு அகலப்படுத்தினாலும் பயனில்லை.

நிதித்துறையில் இதற்கென்று ஓரிருவரை மட்டுமே ஒதுக்க முடியும் என்றால் கடன் முதிர்வு அட்டவணையிலிருந்து தொடங்கலாம். தேதியும் தொகையும் கையில் இருக்கின்றன. ஊகம் எதுவும் தேவையில்லை. ஓய்வூதியக் கணக்குக்கு ஊழியரின் பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, எந்த ஓய்வூதியத் திட்டம் என்ற மூன்று விவரங்களும் சம்பளப் பட்டியல் மென்பொருளில் சுத்தமாக இருக்கின்றனவா என்று முதலில் சரிபார்த்துவிட்டு இறங்குவது நல்லது.