விளையாட்டு வழிக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசனை: கட்டணத்துக்குத் தகுந்த சேவையா?

நியூ ஜெர்சியில் ஸ்குவாஷ் ஆடும் எங்கள் மகனுக்காக, அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டு வழிச் சேர்க்கைக்கு வழிகாட்டும் தனியார் நிறுவனம் ஒன்றின் சேவையைப் பெற்றோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முறையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் வெளியான தரவுகளின்படி, அதன் அணிப் பயிற்சியாளர்கள் தெரிவுசெய்த வீரர்களில் சுமார் 86 விழுக்காட்டினருக்கு அங்கே இடம் கிடைத்திருப்பதால், இத்தகைய நிறுவனங்களுக்குக் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை.

இவர்களின் பலம் நடைமுறை அறிவு. பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில், கல்லூரி அணியின் பயிற்சியாளர் வழியாக மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி, இடம் கிடைக்க வாய்ப்புண்டா என்று முன்கூட்டியே கருத்துக் கேட்கலாம் என்பதையும், பயிற்சியாளரின் வாய்மொழி உறுதிக்கும் இடம் கிடைப்பது ஏறக்குறைய உறுதி என்று சேர்க்கை அலுவலகமே முன்கூட்டி அனுப்பும் ‘லைக்லி லெட்டர்’ கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பொறுமையாக விளக்கினார்கள். பயிற்சியாளர்களுக்கு மகன் எழுதிய முதல் மின்னஞ்சலில் இரண்டு பத்திக்கு நீண்ட தற்புகழ்ச்சியை நீக்கிவிட்டு, தரவரிசை, மதிப்பெண், அடுத்த போட்டி நடக்கும் இடம், வெட்டாமல் எடுத்த ஒரு முழு ஆட்டத்தின் காணொளி ஆகியவற்றை மட்டும் வைக்கச் சொன்னது உண்மையிலேயே பயன்பட்டது. அதன் பிறகே பதில்கள் வரத் தொடங்கின.

குறை, விற்பனைப் பேச்சில் இருக்கிறது. ஹார்வர்டு உள்ளிட்ட எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள் அடங்கிய ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை, குடும்பத்தின் பொருளாதாரத் தேவையைப் பார்த்தே தருகின்றன என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே சொன்னார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் பயிற்சியாளரின் ஆதரவு இடத்தை உறுதிசெய்யாது என்பதையோ நாங்களேதான் தேடி அறிந்தோம். தரவரிசையில் முன்னணியில் இல்லாத பிள்ளைகளின் பெற்றோர், இந்தப் பணத்தைப் பயிற்சிக்கே செலவிடலாம்.