ஹாபியா தைக்கிறவங்களுக்கு கோடவுன் ஸ்ட்ரீட் ஒத்து வருமா?

சென்னைல தையல் கத்துக்கிட்ட யார கேட்டாலும் பாரிஸ் கார்னர் போ, கோடவுன் ஸ்ட்ரீட் போ, சீப்பா அள்ளிட்டு வரலாம்னு தான் சொல்லுவாங்க. பாதி உண்மை தான். அது ஹோல்சேல் தெருங்க, ஊர் ஊருக்கு ஜவுளிக்கடை வச்சிருக்கவங்க, பூட்டிக் காரங்க, ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் எடுக்கறவங்க வர்ற இடம். ஒரு குர்த்திக்கு ரெண்டரை மீட்டர், அக்கா பொண்ணு ஃப்ராக்குக்கு ஒன்னேகால் மீட்டர்னு கேட்டு நிக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்காக அங்க யாரும் கடை போடல. இருந்தாலும் நான் துணி எடுக்க அங்க தான் போறேன், காரணம் விலை மட்டும் இல்ல, அது கீழ சொல்றேன்.

வண்டி எடுத்துட்டு போறத மறந்துருங்க. ஹைகோர்ட் மெட்ரோல இறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்கு வந்தா நடக்கற தூரம் தான். தெரு குறுகல், தலையில மூட்டையோட ஒருத்தர் "வழி வழி"ன்னு வருவாரு, பின்னாடி கைவண்டி, அதுக்கு பின்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டு ஒரு டூவீலர், நடுவுல நின்னு கலர் மேட்ச் பார்த்தீங்கன்னா முதுகுல ஒரு இடி கேரண்டி. காலைல பதினொன்றரை வாக்குல போனா கடைக்காரரும் கொஞ்சம் நிதானமா எடுத்துக் காட்டுவாரு, சாயங்காலம் லோடு ஏத்துற நேரம், நம்மள திரும்பி கூட பார்க்க மாட்டாங்க. தீபாவளிக்கு முன்னாடி ஒரு மாசம் அந்த பக்கமே போகாதீங்க.

படியேறி உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்லயே கேக்க வேண்டிய கேள்வி "அண்ணா, கட்டிங் உண்டா?" இத கேக்காம போய் உக்காந்து, அவரு பத்து தான் (முழு துணிக்கட்டு) இறக்கி விரிச்சு போட்டு, நீங்க ஒன்ன செலக்ட் பண்ணி மூணு மீட்டர் குடுங்கன்னா "கட்டிங் இல்ல மேடம், ஃபுல் தான் எடுக்கணும்"னு சொல்லுவாங்க, ரெண்டு பேருக்கும் டைம் வேஸ்ட். தரைத்தளத்துல இருக்கற சின்ன கடைங்கள்ல பெரும்பாலும் மீட்டர் கணக்குல வெட்டி தருவாங்க, மாடில இருக்கற பெரிய இடங்கள்ல கஷ்டம். ரேட்டு நான் எழுதல, கடைக்கு கடை மாறுது, சீசனுக்கு சீசன் மாறுது, ஒரே பிரிண்ட் நாலு கடை தள்ளி கம்மியா இருக்கும், அதனால மொத கடைலயே வாங்கிடாதீங்க.

அடுத்த கேள்வி பன்னா. இது தெரியாம துணி எடுத்தா கணக்கு மொத்தமா தப்பும். 36 பன்னான்னா துணியோட அகலம் 36 இன்ச், 44 பன்னா கிட்டத்தட்ட 112 சென்டிமீட்டர், 58 பன்னா 147 சென்டிமீட்டர் வரும். 44 பன்னால முழங்கால் தாண்டுற குர்த்தி கையோட சேர்த்து எனக்கு ரெண்டரை மீட்டர் ஆகும், அதே 58 பன்னால ரெண்டு மீட்டருக்குள்ள முடிச்சிருவேன், முன்பக்கமும் பின்பக்கமும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துரும். அப்ப மீட்டருக்கு முப்பது ரூபா கூட இருந்தாலும் அகலமான துணி தான் லாபம்னு சில சமயம் வரும், கடைலயே நின்னு ஃபோன் கால்குலேட்டர்ல போட்டு பாருங்க. பெரிய ஷோரூம்ல பன்னா என்னன்னு கேட்டா சேல்ஸ் பொண்ணு மேனேஜர தேடும், இங்க துணிய தொட்டு பார்த்தே "நாப்பத்தி நாலு"ன்னு சொல்லிருவாங்க. நான் திரும்ப திரும்ப இங்க வர்றதுக்கு இது தான் முக்கிய காரணம், துணி தெரிஞ்சவங்க கிட்ட துணி வாங்குறது தனி சுகம்.

நம்ம மாதிரி ஆளுங்களுக்கு உண்மையான புதையல் கட் பீஸ் தான். ஒரு துணிக்கட்டு முடியறப்ப மிஞ்சுற துண்டு, 1.20 மீட்டர், 1.75 மீட்டர்னு ஏதாவது ஒரு அளவுல கிடக்கும். டிசைன முடிவு பண்ணிட்டு துணி தேடுனா இங்க ஒன்னும் கிடைக்காது, துண்ட பார்த்துட்டு இதுல என்ன வரும்னு யோசிக்கிறவங்களுக்கு கொண்டாட்டம். ஆனா முழுசா விரிச்சு வெளிச்சத்துல தூக்கி பிடிச்சு பார்த்து தான் வாங்கணும். ரொம்ப நாளா மடிச்சு வச்சதுல மடிப்பு கோட்டுல மட்டும் சாயம் வெளுத்து ஒரு கோடு ஓடும், துவைச்சாலும் அயர்ன் பண்ணாலும் அது போகாது. ஓரமா சின்ன ஓட்டை, இழை விட்டு போன இடம் இருந்தா பரவால்ல, வெட்டுறப்ப ஒதுக்கிடலாம், நடுவுல இருந்தா வாங்காம திருப்பி வச்சிருங்க.

ஒரு கடைல ரேயான் அளந்தப்ப நடந்தத சொல்லியே ஆகணும். மீட்டர் கம்பில துணிய வச்சு ரெண்டு கையாலயும் இழுத்து புடிச்சு டக்கு டக்குன்னு அளந்தாரு, மூணு மீட்டர். வீட்ல தரைல தளர்வா விரிச்சு டேப் வச்சா ரெண்டே முக்காலுக்கு கொஞ்சம் மேல. ரேயான், லைக்ரா, பனியன் துணி எல்லாம் இழுத்தா வரும், அதனால "இழுக்காம அளங்கண்ணா"ன்னு முன்னாடியே சொல்லிடறது நல்லது, மூஞ்ச சுளிப்பாங்க, சுளிக்கட்டும். பனியன் துணி வேணும்னா திருப்பூர் காதர்பேட்டை தான் சரி, அங்க கிலோ கணக்கு, இழுத்து ஏமாத்த வழியில்ல. அத தைக்கறப்ப நுனி உருண்டையா இருக்கற பால் பாயின்ட் ஊசி போடுங்க, சாதா 14ஆம் நம்பர் ஊசில தையல் விட்டு விட்டு விழும், மெஷின் மேல தான் கோவம் வரும்.

"ப்யூர் காட்டன் மேடம்"னு எல்லா கடைலயும் சொல்லுவாங்க. ஓரத்துல ரெண்டு இழை உருவி வெளிய வந்து கொளுத்தி பாருங்க, காட்டன்னா பேப்பர் எரியற வாசனை, விரல்ல தேச்சா பொடியாகுற சாம்பல், பாலியஸ்டர் கலந்திருந்தா உருகி நுனில கருப்பா கெட்டியா ஒரு மணி நிக்கும். நெஜ காட்டன்னா வெட்டுறதுக்கு முன்னாடி ராத்திரி தண்ணில ஊற போட்டு நிழல்ல காய வச்சிருங்க, சுருங்கறது எல்லாம் அப்பவே சுருங்கட்டும்.

லைனிங், ஃபால்ஸ், கேன்வாஸ் இந்த தெருலயே முடிஞ்சிரும். லேஸ், பட்டன், ஜிப்புக்கு சவுக்கார்பேட்டை பக்கம் நாராயண முதலி தெரு போங்க, ஆனா லேஸ் ரோல் ரோலா தான் தருவாங்க, நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து போய் பிரிச்சுக்கறது புத்திசாலித்தனம். பசிச்சா பர்மா பஜார் எதிர் சந்துல அத்தோ (பர்மா நூடுல்ஸ்) இருக்கு. துணிப்பைய மட்டும் தள்ளி வச்சுக்குங்க, அந்த எண்ணெய் பட்டா போகாது.

இப்ப நிட்டிங் பண்றவங்களுக்கு. இதுல தான் எனக்கு ஏமாத்தம். உல்லன் நூல் கேட்டா கிடைக்குது, எல்லாமே அக்ரிலிக், பளிச்சுன்னு ரோஸ், கிளிப்பச்சை, ஆரஞ்சு. நம்ம ஊர் வெயில்ல அத மடில வச்சு பின்னுறதே தண்டனை, போடறத பத்தி பேசவே வேணாம். பொம்மை, வாசல் தோரணம்னா ஓகே. குழந்தைக்கு சட்டை பின்ன நல்ல மெத்து மெத்துன்னு காட்டன் நூல் தேடுனேன், நான் ஏறி இறங்குன கடைங்கள்ல இல்ல, கடைசில ஆன்லைன்ல தான் வாங்குனேன். குரோஷாவுக்கு மெல்லிசு காட்டன் நூல் உருண்டை மட்டும் எல்லா இடத்துலயும் இருக்கு.

நிட்டிங் ஊசி வாங்கறப்ப ஜாக்கிரதை. நம்ம கடைங்கள்ல பழைய இங்கிலீஷ் நம்பர் தான் ஓடுது, அதுல நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், 8ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், 10ஆம் நம்பர் 3.25, 12ஆம் நம்பர் 2.75. யூடியூப்ல அமெரிக்காக்காரங்க சொல்ற 8ஆம் நம்பர் 5 மில்லிமீட்டர், அங்க நம்பர் ஏறினா தடிமனும் ஏறும். அதனால நம்பரே சொல்லாதீங்க, மில்லிமீட்டர் போட்டிருக்கான்னு ஊசி தலைல பாருங்க, இல்லாட்டி வேணாம்.

துணிக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன், நூலுக்கு ஒன்னரை. ஞாயித்துக்கிழமை மட்டும் கிளம்பிராதீங்க, பாதிக்கு மேல ஷட்டர் தான் போட்டிருக்கும். சென்னைல மூங்கில் நிட்டிங் ஊசி கைல தொட்டு பார்த்து வாங்குற மாதிரி கடை யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா, ஸ்டீல் ஊசி வேர்வைல வழுக்கியே உயிர எடுக்குது.